மறைந்திருக்கும் கை எவ்வளவு நீளம்?

2024 ஆகஸ்ட் 5 ஆம் தேதி ஷேக் ஹசினா டாக்காவிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறி இந்தியாவுக்குப் போனார். வங்காளதேச ராணுவத் தளபதி தொலைக்காட்சியில் பேசிய சூடு ஆறுவதற்குள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தீர்ப்பு வந்துவிட்டது: சிஐஏ வேலை. வங்காளதேசத்தின் செயின்ட் மார்ட்டின் தீவை அமெரிக்கா கேட்டதாம், ஹசினா மறுத்தாராம், அதனால்தான் கதை முடிந்ததாம். 2022 ஜூலையில் கோத்தபாய ராஜபக்ச மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கியபோதும் இதே தீர்ப்புதான், பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறின. தமிழ்நாட்டில் யார் புதுக் கட்சி தொடங்கினாலும் கொள்கை என்ன என்று கேட்பதற்கு முன்னால் "பின்னாடி யார்?" என்றுதான் கேட்கிறோம்.

இலங்கையில் அப்போது பெட்ரோல் பங்குகளில் நாள்கணக்கில் வரிசை நின்றது, மருந்து இல்லை, அரசின் கையில் அந்நியச் செலாவணி இல்லை. வங்காளதேசத்தில் அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்த மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. இவ்வளவும் கண்முன் நடந்திருக்க, தெருவில் இறங்கியவர்களை யாரோ ஆட்டிவைத்த பொம்மைகள் என்று சொல்லிவிடுவது எனக்கு உறுத்துகிறது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. உளவுத்துறை என்று யார் வாயைத் திறந்தாலும் "சதிக் கோட்பாடு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அப்படிச் சிரிப்பது கஷ்டம். இந்தத் தீவின் அரசியலில் குறைந்தது ஐந்து நாடுகளின் உளவு அமைப்புகள் கை வைத்த கதைகளுக்கு ஆவணம் இருக்கிறது. கை உண்டா என்ற கேள்வி இங்கே எப்போதோ தீர்ந்துவிட்டது. அது எவ்வளவு தூரம் நீளும், தொட்டதெல்லாம் அது நினைத்தபடி நடக்குமா என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

முதலில் ஐயத்துக்கே இடமில்லாத ஒரு சம்பவம். 1960 இல் சிஐஏ ஆள்கள் சிங்கப்பூர்ப் போலீஸின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்சின் அதிகாரி ஒருவரைப் பணம் கொடுத்துத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். அப்போது சிங்கப்பூர் சுயாட்சி பெற்ற பிரிட்டிஷ் பகுதி, லீ குவான் யூ பிரதமர். விஷயத்தை வெளியே விடாமல் இருக்கத் தனக்கும் தன் கட்சிக்கும் 3.3 மில்லியன் அமெரிக்க டாலர் தர முன்வந்தார்கள் என்று அவர் பிற்பாடு சொன்னார். அதை மறுத்து, அதைப்போல் பத்து மடங்கை நாட்டுக்கு முறையான பொருளாதார உதவியாகக் கேட்டாராம். 1961 ஏப்ரல் 15 ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம் வந்தது. லீ அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

நாலு வருடம் எதுவும் பேசவில்லை. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தபோது, 1965 ஆகஸ்ட் கடைசியில், தொலைக்காட்சிப் பேட்டியில் போட்டு உடைத்தார். வாஷிங்டன் உடனே மறுத்தது. லீ கடிதத்தை எடுத்துக் காட்டினார். மறுத்தவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவர் ஏன் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரில் தொடர்ந்து இருக்க வேண்டும், அவர்கள் போனால் அந்த இடத்தில் அமெரிக்கர்கள் வந்து உட்கார முடியாது என்பதை அவர் உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, ஓர் உளவு நடவடிக்கையை அம்பலப்படுத்தியதே ஓர் அரசியல் நடவடிக்கை. ரகசியம் உண்மையானது, அது வெளியான நேரம் கணக்குப் போட்டது. 1990 இல் அதே லீ, பதவி விலகுவதற்குச் சில நாள்கள் முன்பு, சிங்கப்பூர்த் தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையை நான் நம்புவதற்குக் காரணம் லீ சொன்னார் என்பது மட்டும் கிடையாது. வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் அரசனுக்கு ஒரு வழி சொல்கிறார்: ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களை அனுப்பு, மூன்று பேர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு. இங்கே குற்றம் சாட்டியவரின் வாக்குமூலம் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவரின் கடிதம் இருக்கிறது, முதலில் பொய் சொல்லிப் பிறகு வழிக்கு வந்த அரசாங்கத்தின் ஒப்புதல் இருக்கிறது. மூவருக்கும் ஒத்துப்போக வேண்டும் என்ற ஆசை இல்லை. ஹசினா விஷயத்தில் இதுவரை முதல் ஒற்றர் மட்டும்தான் வந்திருக்கிறார், அதுவும் பதவி இழந்தவரின் தரப்பிலிருந்து.

அப்புறம், சிஐஏ இங்கே செய்ய முயன்றது எவ்வளவு சின்ன வேலை என்று பாருங்கள். ஒரு போலீஸ் அதிகாரியிடமிருந்து தகவல் வாங்குவது. அதையும் சொதப்பினார்கள். உளவு வரலாற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான். சதிக் கோட்பாடுகளில் வரும் உளவுத்துறை மட்டும் தோற்பதே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் அங்கே எல்லாப் பனம்பழமும் காக்கையின் கணக்கில் ஏறிவிடும். காக்கையும் வாயை மூடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் தன்னைப் பற்றிய பயம் அதற்கும் லாபம்தான்.

சொதப்பாத ரகசியங்களும் உண்டு. 1965 கடைசியில் சிங்கப்பூர் ராணுவத்தைக் கட்டியெழுப்ப இஸ்ரேலிய அதிகாரிகள் வந்தார்கள். சுற்றியுள்ள நாடுகள் கொதிக்கும் என்பதால் அவர்களை "மெக்சிகோக்காரர்கள்" என்று சொல்லி வைத்தார்கள். அந்தக் காலத்தில் யாராவது காப்பிக்கடையில் "நம்ம ராணுவத்தை இஸ்ரேல்காரன் நடத்துறான்" என்று சொல்லியிருந்தால் அவர் பாதி சரி. பயிற்சி அவர்களுடையது, முடிவு இங்கிருந்தவர்களுடையது.

இந்தப் பாதிக் கணக்கு நம்மவர்களுக்கு மிக நெருக்கமான ஓர் இடத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஃபேரர் பார்க் திடல். 1942 பிப்ரவரி 17, சிங்கப்பூர் சரணடைந்து இரண்டாம் நாள். பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த சுமார் 45,000 பேரை அங்கே கூட்டி, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அந்த மேஜரின் பெயர் ஃபுஜிவாரா இவைச்சி. போர் தொடங்கும் முன்பே பாங்காக்கில் உட்கார்ந்து, பிரிட்டிஷ் படையில் உள்ள இந்தியர்களை எப்படிப் பிரித்தெடுப்பது என்று திட்டம் போட்ட உளவு அதிகாரி அவர். எஃப் கிகான் என்ற அவருடைய அமைப்பில் இருந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆள்கள்தான். கேப்டன் மோகன் சிங்கோடு சேர்ந்து அவர் அன்று விதைத்ததுதான் இந்திய தேசிய ராணுவம் (ஐஎன்ஏ).

ஆக, ஐஎன்ஏவின் பிறப்பில் ஜப்பானிய உளவுத்துறையின் கை இருந்தது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை, ஃபுஜிவாராவே பின்னாளில் விரிவாக எழுதியிருக்கிறார். பிரிட்டிஷார் இதை வைத்துக்கொண்டு முழு ஐஎன்ஏவையும் ஜப்பானின் கைப்பாவை என்றார்கள். அந்த இடத்தில்தான் கணக்கு பிசகுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் மோகன் சிங் ஜப்பானியர்களோடு மோதிப் படையையே கலைக்க முயன்றார், அவரைக் கைது செய்தார்கள். கைப்பாவை அப்படிச் செய்யாது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்த பிறகு, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். தோட்டத்துத் துரையிடமும் கங்காணியிடமும் பட்டதெல்லாம் அவர்களுக்கு நினைவிருந்தது. பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். அவர்களைச் சேர வைத்தது டோக்கியோவின் திட்டம் என்று சொன்னால், அவர்களுடைய கோபத்தையும் மானத்தையும் ஒரு மேஜரின் கணக்கில் எழுதுகிறோம் என்றுதான் பொருள்.

ஈழ இயக்கங்களின் கதையும் இந்த வகைதான். 1983 க்குப் பிறகு இந்தியாவில் ஈழப் போராளிகளுக்குப் பயிற்சி தரப்பட்டதை டெல்லி பல ஆண்டுகள் மறுத்தது. ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997 இல் வெளியே வந்தபோது அதெல்லாம் அரசுக் காகிதத்திலேயே பதிவாகியிருந்தது. ஆனால் 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையோடு புலிகள் போரிட்டார்கள். ஆயுதம் கொடுத்த கைக்கு அதைத் திரும்ப வாங்கும் சக்தி இல்லாமல் போயிற்று.

போஸ் விஷயத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1945 ஆகஸ்ட் 18 ஆம் தேதி தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார் என்பதை நம் முந்தைய தலைமுறையில் பலர் கடைசிவரை ஏற்கவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐஎன்ஏ வீரர்களின் வீடுகளில் "நேதாஜி வருவார்" என்பது கிட்டத்தட்ட ஒரு விரதம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவர் உயிரோடு இருப்பதாக மேடையிலேயே சொன்னார். இந்திய அரசு 1956 இல் ஒரு குழு, 1970 இல் ஓர் ஆணையம், 1999 இல் இன்னோர் ஆணையம் என்று போட்டுக்கொண்டே இருந்தது. முதல் இரண்டும் விபத்தில் இறந்தார் என்றன, மூன்றாவது இல்லை என்றது, அதை அரசு ஏற்கவில்லை.

பிறகு கோப்புகள் வெளிவரத் தொடங்கின. 2015 இல் மேற்கு வங்காள அரசு 64 கோப்புகளையும், 2016 ஜனவரி 23 ஆம் தேதி மத்திய அரசு 100 கோப்புகளையும் திறந்தன. அவர் சைபீரியச் சிறையில் இருந்தார் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை, சாமியார் வேடத்தில் வாழ்ந்தார் என்பதற்கும் கிடைக்கவில்லை. ஆனால் யாரும் அதிகம் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது: 1948 முதல் 1968 வரை இருபது ஆண்டுகள் இந்திய உளவுத்துறை போஸ் குடும்பத்தின் கடிதங்களைப் பிரித்துப் படித்து, அவர்கள் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்திருக்கிறது. சுதந்திர இந்தியாவின் அரசு, சுதந்திரத்துக்காகப் போராடியவரின் வீட்டு அஞ்சலைப் பிரித்திருக்கிறது. பெரிய மர்மத்தைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு சின்ன அசிங்கம் அகப்பட்டது. எனக்கு இதுதான் அதிகம் உறைக்கிறது. ஆனால் போஸ் பற்றிய யூடியூப் காணொளிகளில் இன்றும் சாமியார்தான் ஓடுகிறார், கடிதம் பிரித்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

"கை சின்னது" என்ற என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் லாய் டெக்.

வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொல்லிக்கொண்டிருந்த ஆள். 1930 களில் சிங்கப்பூர் வந்து பிரிட்டிஷ் ஸ்பெஷல் பிராஞ்சுக்கு வேலை பார்க்கத் தொடங்கினார். அதே சமயம் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியில் படிப்படியாக ஏறி 1939 இல் பொதுச்செயலாளரே ஆகிவிட்டார். அவருக்குப் போட்டியாக இருந்தவர்களைப் போலீஸ் வரிசையாகப் பிடித்துப் போனது, ஏணி தானாகக் காலியானது. ஜப்பானியர் வந்ததும் அவர்களுடைய ராணுவப் போலீசான கெம்பெய்தாயிடம் பிடிபட்டார், அவர்களுக்கும் வேலை செய்ய ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். 1942 செப்டம்பர் 1 ஆம் தேதி கோலாலம்பூர் அருகே பத்து மலையில் கட்சித் தலைவர்களும் கெரில்லாத் தளபதிகளும் ரகசியமாகக் கூடினார்கள். ஜப்பானியப் படை சுற்றி வளைத்துப் பலரைக் கொன்றது. கூட்டத்தைக் கூட்டிய லாய் டெக் மட்டும் அன்று வரவில்லை.

போர் முடிந்தபோது கட்சியிடம் ஆயுதம் இருந்தது, காட்டில் படை இருந்தது, பிரிட்டிஷார் திரும்பி வரச் சில வாரம் இருந்தது. ஆட்சியைப் பிடிக்க அதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது. லாய் டெக் மிதவாதப் பாதை என்றார், ஆயுதத்தை ஒப்படைக்கச் சொன்னார். 1947 இல் மத்தியக் குழு கேள்வி கேட்கக் கூடியபோது கட்சிப் பணத்தோடு மறைந்தார். அதே ஆண்டு பாங்காக்கில் கொல்லப்பட்டார். அடுத்த தலைவராக வந்த சின் பெங்குக்கு வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோதான்.

"நம் தலைவரே போலீஸ் ஆள்" என்று அந்தக் கட்சியின் சாதாரணத் தொண்டர் யாராவது 1943 இல் சொல்லியிருந்தால் அவரைத் துரோகி என்றிருப்பார்கள், அல்லது பைத்தியம் என்றிருப்பார்கள். அவர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. இங்கே மறைகை வரலாற்றையே திருப்பியிருக்கலாம், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் 1945 அக்டோபரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நம்மவர்கள் உட்படத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததை லாய் டெக்கால் தொடங்கவும் முடியவில்லை, பிரிட்டிஷாரால் அவரை வைத்துத் தடுக்கவும் முடியவில்லை. அரிசி இல்லை, கூலி போதவில்லை. கட்சியின் தலையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் வயிறு கட்டுப்படவில்லை.

உளவு அமைப்புகள் சதி செய்வதோடு நிற்பதில்லை, சதிக் கதைகளையும் தயாரிக்கின்றன. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சு 1948 இல் "தகவல் ஆய்வுத் துறை" என்று நூலகம் மாதிரிப் பெயர் வைத்து ஒரு பிரசாரப் பிரிவைத் தொடங்கியது. அதன் வட்டார அலுவலகம் தங்ளின் பக்கம் ஃபீனிக்ஸ் பார்க்கில் இருந்தது. 1965 இல், நாடு கடந்து வாழும் இந்தோனேசிய தேசபக்தர்கள் எழுதுவதுபோல் செய்திமடல்கள் சிங்கப்பூரில் தயாராகி இந்தோனேசியாவுக்குள் போயின. எழுதியவர்கள் பிரிட்டிஷ் சம்பளக்காரர்கள். கம்யூனிஸ்டுகளை ஒழிக்கச் சொல்லி அவை தூண்டின. அந்த ஆண்டின் கடைசியிலும் அடுத்த ஆண்டிலும் இந்தோனேசியாவில் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். இதெல்லாம் 2021 இல்தான் ஆவணங்களோடு வெளிவந்தது. கொன்றது இந்தோனேசிய ராணுவமும் அதோடு சேர்ந்த கும்பல்களும், அவர்களுக்குச் சொந்தக் காரணங்கள் இருந்தன. ஆனால் தங்ளினில் உட்கார்ந்து எண்ணெய் ஊற்றியவர்களுக்கும் பங்கு உண்டு. (ஃபீனிக்ஸ் பார்க் பிறகு நம் உள்துறை அமைச்சின் முகவரியானது. நொவீனா பக்கம் மாறியபோது அமைச்சு பெயரையும் கூடவே எடுத்துப் போயிற்று: நியூ ஃபீனிக்ஸ் பார்க்.)

சோவியத் தரப்பும் சளைத்ததில்லை. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வகத்தில் உருவாக்கியது என்ற கதை முதலில் 1983 ஜூலையில் டெல்லியில் வெளிவந்த ஓர் இடதுசாரி நாளிதழில் அச்சானது. பின்னால் இருந்தது கேஜிபி. இன்றைக்கும் அந்தக் கதையை ஃபார்வர்டு செய்பவர்கள், உளவுத்துறையை அம்பலப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஓர் உளவுத்துறைக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியார் கை. சங்கடமான பகுதி இனிமேல்தான். சதி என்ற குற்றச்சாட்டை இந்த ஊரில் அதிகம் பயன்படுத்தியது காப்பிக்கடைக்காரர்கள் இல்லை, அரசாங்கம்.

1961 ஜூலையில் லீயின் மக்கள் செயல் கட்சி உடையும் நிலையில் இருந்தது. லிம் சின் சியோங், ஜேம்ஸ் புதுச்சேரி, உட்ஹல் முதலிய இடதுசாரித் தலைவர்கள் ஈடன் ஹாலுக்குப் போய் பிரிட்டிஷ் ஆணையர் செல்கிர்க் பிரபுவைப் பார்த்தார்கள். லீயைச் சட்டமன்றத்தில் தோற்கடித்தால் அரசியல் சட்டத்தை நிறுத்திவைப்பீர்களா என்று கேட்டார்கள். சட்டப்படி நடந்தால் நாங்கள் குறுக்கே வரமாட்டோம் என்ற மாதிரி அவர் பதில் சொன்னார். அவ்வளவுதான், ஒரு தேநீர்ச் சந்திப்பு. லீ அதைப் பிரிட்டிஷ் சதி என்று சட்டமன்றத்திலேயே முழங்கினார்: பிரிட்டிஷார் வேண்டுமென்றே இடதுசாரிகளைத் தூண்டிவிட்டு, தன்னைக் கொண்டே அவர்களை அடக்க வைக்கப் பார்க்கிறார்கள் என்றார். பிரிட்டிஷ் ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகு அந்தச் சதிக்கு ஆதாரம் எதுவும் வரவில்லை. பிரதமரே சொன்னாலும் ஒற்றர் ஒருவர்தான்.

1963 பிப்ரவரி 2 ஆம் தேதி விடியற்காலையில் கோல்ட்ஸ்டோர் நடவடிக்கை. பிரிட்டன், மலாயா, சிங்கப்பூர் மூன்றும் உட்கார்ந்த உள்நாட்டுப் பாதுகாப்பு மன்றம் முடிவெடுத்து, நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. ஈடன் ஹாலுக்குப் போன அந்த மூவரும் அதில் இருந்தார்கள். பத்திரிகையாளர் சைட் ஜஹாரி 17 ஆண்டும், டாக்டர் லிம் ஹோக் சியூ கிட்டத்தட்ட 20 ஆண்டும் விசாரணையில்லாமல் உள்ளே இருந்தார்கள். கம்யூனிஸ்ட் சதியை முறியடித்தோம் என்பது அரசின் விளக்கம். அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் துணை ஆணையர் பிலிப் மூர் லண்டனுக்கு எழுதியது வேறு மாதிரி: லிம் சின் சியோங் ஒரு கம்யூனிஸ்ட்தான், ஆனால் அவர் கம்யூனிஸ்ட் கட்சியிடமிருந்தோ பீக்கிங், மாஸ்கோவிடமிருந்தோ உத்தரவு வாங்குகிறார் என்பதற்கு ஆதாரம் இல்லை. சின் பெங் பிற்காலத்தில் எழுதியதில் இரண்டு தரப்புக்கும் தீனி இருக்கிறது. லிம் சின் சியோங் முதலியோர் பிரிந்துபோய்த் தொடங்கிய பாரிசான் சோஷலிஸ் கட்சி எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்கிறார், அதே மூச்சில் கோல்ட்ஸ்டோர் எங்கள் தலைமறைவு வலையைச் சிதறடித்தது என்கிறார். 2018 மார்ச்சில் வேண்டுமென்றே பரப்பப்படும் பொய்கள் பற்றிய நாடாளுமன்றத் தெரிவுக்குழுவில், அமைச்சர் கா. சண்முகம் ஒரு வரலாற்று ஆய்வாளரைக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் கேள்வி கேட்டதும் இதே கோல்ட்ஸ்டோரைப் பற்றித்தான். 55 ஆண்டுக்கு முந்தைய கைதுகள் இவ்வளவு சூடாக இருக்கின்றன என்றால் விஷயம் ஆறவில்லை.

1987 இல் "மார்க்சியச் சதி". மே 21 அன்று 16 பேர், ஜூனில் மேலும் 6 பேர். தேவாலய ஊழியர்கள், சமூகசேவகர்கள், நாடகக்காரர்கள், வழக்கறிஞர்கள். லண்டனில் இருக்கும் ஒருவர் இயக்க, அரசைக் கவிழ்க்க வலை பின்னினார்கள் என்று குற்றச்சாட்டு. தொலைக்காட்சியில் வாக்குமூலம் காட்டினார்கள். நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. மறு ஆண்டு, காவலில் தங்களைத் துன்புறுத்தினார்கள் என்று விடுதலையானவர்களில் ஒன்பது பேர் அறிக்கை விட்டபோது பெரும்பாலோரைத் திரும்பப் பிடித்தார்கள். அந்த 1988 மே மாதமே, வழக்கறிஞர்களைத் தேர்தலில் நிற்கத் தூண்டினார் என்று சொல்லி அமெரிக்கத் தூதரக முதல் செயலாளர் ஒருவரையும் வெளியேற்றினார்கள்.

இந்த இடத்தில் நம் ஆள்கள் இருவர் சொன்னதையும் செய்ததையும் கவனிக்கிறேன். எஸ். தனபாலன் 1992 இல் அமைச்சரவையிலிருந்து விலகியதற்கு, 1987 கைதுகளை அரசு கையாண்ட விதம் அவருக்கு ஒப்பவில்லை என்பதும் காரணம் என்று அப்போது பிரதமராக இருந்த கோ சோக் டோங் பின்னர் சொல்லியிருக்கிறார். தர்மன் சண்முகரத்னம், இன்றைய அதிபர், 2001 இல் சொன்னார்: அரசின் உளவுத் தகவல் எனக்குக் கிடைக்காது, ஆனால் நான் அறிந்தவரை அவர்களில் பெரும்பாலோர் சமூக ஆர்வலர்கள், அமைப்பைக் கவிழ்க்க வந்தவர்கள் கிடையாது. இதைச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் என்றால் பொருட்படுத்தாமல் விடலாம். தனபாலன் உள்ளே இருந்தே விலகியவர். இருவரும் ஆளும் தரப்பு. எனக்கு அந்தச் சாட்சியம் கனமாகப் படுகிறது.

சிங்கப்பூரில் உளவுத்துறையின் செல்வாக்கைத் தேடித் திரைக்குப் பின்னால் போகவேண்டிய அவசியம் பல நேரம் இல்லை. எஸ்.ஆர். நாதன் 1971 முதல் 1979 வரை வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநர். 1974 இல் புலாவ் புக்கோம் எண்ணெய் ஆலையைத் தாக்கியவர்கள் லாஜு படகைக் கடத்தியபோது, பிணையாக அவர்களோடு குவைத் வரை விமானத்தில் போன குழுவுக்கு அவர்தான் தலைவர். 1982 இல் நாட்டின் பெரிய ஆங்கில நாளிதழ் நிறுவனத்துக்குச் செயல் தலைவரானார், செய்தியாளர்கள் முணுமுணுத்தார்கள். 1999 இல் அதிபர். உளவுத் தலைவர் ஒருவர் பத்திரிகைக்குத் தலைமையேற்கிறார், எல்லாம் பகல் வெளிச்சத்தில், நியமனக் கடிதத்தோடு. வேறு நாடாக இருந்தால் இதை வைத்து நூறு சதிக் கோட்பாடு எழுதியிருப்பார்கள். இங்கே அது அதிகாரபூர்வ வாழ்க்கைக்குறிப்பில் இருக்கிறது. நாதன் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அந்த 1982 நியமனம் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு நல்லதா என்பது அவருடைய நற்குணத்தைச் சார்ந்த கேள்வி கிடையாது.

இன்றைய சட்டம் ஃபிக்கா. வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்கும் இந்தச் சட்டத்தை 2021 அக்டோபர் 4 ஆம் தேதி 75 க்கு 11 என்ற வாக்கில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதைப் பயன்படுத்திய ஒரு சம்பவம் நம் தலைப்புக்கு நேராக வருகிறது. 2024 ஏப்ரல், மே மாதங்களில், லாரன்ஸ் வோங் பிரதமராவதற்குச் சற்று முன்னால், சிங்கப்பூர் ஒரு வெளிநாட்டின் சட்டைப்பையில் இருக்கிறது, நான்காம் தலைமுறைத் தலைவரைத் தேர்ந்ததே அந்த நாடுதான் என்று நூற்றுக்கு மேற்பட்ட காணொளிகள் பரவின. சீனாவிலிருந்து தப்பி அமெரிக்கா போன குவோ வெங்குயியின் வலைப்பின்னலோடு தொடர்புடைய 95 கணக்குகளை முடக்க ஜூலையில் உள்துறை அமைச்சு உத்தரவிட்டது. வெளிநாட்டுக் கை ஒன்று, வெளிநாட்டுக் கை பற்றிய கதையைச் சொல்லித் தலையிடுகிறது. ஃபீனிக்ஸ் பார்க்கில் செய்ததன் இன்றைய வடிவம் இது, தயாரிப்புச் செலவு மட்டும் குறைந்துவிட்டது.

அச்சுறுத்தல் உண்மை என்பதை நான் ஏற்கிறேன். டிக்சன் இயோ என்ற சிங்கப்பூரர் சீன உளவுத்துறைக்கு வேலை பார்த்ததாக 2020 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது போலி ஆலோசனை நிறுவனம் ஒன்றின் பெயரில் லிங்க்ட்இன்னில் வேலை விளம்பரம் போட்டு, வந்த 400 க்கு மேற்பட்ட சுயவிவரங்களைச் சேகரித்தது. இன்றைய உளவு இவ்வளவு சப்பென்று இருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் குற்றப்பத்திரிகை இருக்கிறது, ஒப்புதல் இருக்கிறது, 14 மாதத் தண்டனை இருக்கிறது. ஃபிக்கா உத்தரவை எதிர்த்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகாமல் தனி மறுஆய்வு மன்றத்துக்குப் போகிறது. நம்புங்கள், எங்களிடம் தகவல் இருக்கிறது என்று அமைச்சு சொல்லும்போது குடிமகனுக்குக் கிடைப்பது அறிக்கைதான், ஆதாரம் அனேகமாகக் கிடைப்பதில்லை. வாட்ஸ்அப் மாமாவிடம் "எங்கே ஆதாரம்?" என்று கேட்டுப் பழகச் சொல்லும் அரசாங்கத்திடமும் அதே கேள்வியைக் கேட்க வழி வேண்டும்.

பிரிட்டனில் கோப்புகளைத் திறக்கக் காலவரையறை இருக்கிறது, அதையும் அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. குடியேற்ற நாடுகளிலிருந்து எடுத்துப்போன ஆயிரக்கணக்கான கோப்புகளை வெளியுறவு அமைச்சின் ஹான்ஸ்லோப் பார்க் வளாகத்தில் ஒளித்து வைத்திருந்ததை, கென்ய முதியவர்கள் தொடுத்த வழக்கில் மாட்டிக்கொண்டு 2011 இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அதில் சிங்கப்பூர்க் கோப்புகளும் இருந்தன. சிங்கப்பூரில் தகவல் உரிமைச் சட்டம் இல்லை. இத்தனை ஆண்டு கழிந்தால் கோப்பு தானாகத் திறக்கும் என்ற விதியும் இல்லை. லிம் சின் சியோங்கைப் பற்றிப் பிரிட்டிஷ் அதிகாரிகள் என்ன நினைத்தார்கள் என்பதை லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஸ்பெஷல் பிராஞ்ச் அவரைப் பற்றி எழுதி வைத்தது இன்னும் இங்கே பூட்டில்தான் இருக்கிறது.